வட்டாவில் மிஞ்சியிருக்கும் வெற்றிலை

அன்புள்ள மகன்,

கடிதம் எழுதி உன்னை வாசிக்க வைப்பதற்கு முதலில் என்னைப் பொறுத்துக்கொள். போனிலேயே பேசி முடித்திருக்க வேண்டிய விசயம்தான். ஆனால் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றால்தான் இங்கே சத்தம் கேட்கிறது. எனக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் போனோடு காத்து நிற்கும்போது என் வாயிலிருந்து ‘ஓம்’, ‘சரி’, ‘சாப்பிட்டியா’ என்பதற்கு மேல் ஒன்றும் வராது. “கெம்பசுக்குப் போய் நாலு வருசம் படிச்சது பேசாம இருக்கத்தான்” என்று உன் அப்பா இப்போதும் பகிடி பண்ணுவார். அவர் சொல்வதில் பிழையில்லை. எழுதினால்தான் எனக்கு வாக்கியம் முடியும்.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டது இவ்வளவுதான்: “அம்மா, மாமாட இடம் எனக்கு வேணாம். கல்யாணத்துக்கு முதல் நீங்களே கூட்டத்தில சொல்லிப்போடுங்க. பொம்பிளை வீட்டில, தேற்றாத்தீவில இதைப் பற்றி ஒண்டும் கதைக்கவும் வேணாம்.” அதற்கு நான் ‘பார்ப்பம்’ என்றேன். அது மறுமொழி இல்லை என்று உனக்கும் தெரியும். சரியான மறுமொழியை இந்தக் கடிதத்தின் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன்னால் உனக்குத் தெரிந்த சில விசயங்களையும் சொல்லப்போகிறேன். சலிக்காதே. நீ இதை வரப்போகும் மருமகளுக்கும் வாசித்துக் காட்ட வேண்டிவரலாம். அந்தப் பிள்ளைக்கு விளங்க வேண்டும் என்பதற்காகத்தான் முதலிலிருந்து எழுதுகிறேன்.

நாங்கள் வேடர். தமிழ்தான் பேசுகிறோம், வயல்தான் செய்கிறோம், திருநீறும் பூசுகிறோம். வெல்லாவெளிச் சந்தைக்குப் போனால் யாரும் எங்களைப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை குளக்கட்டு மருதமரத்தின் கீழ் இலையாலும் தடியாலும் பந்தல் போட்டு, எங்கள் முன்னோரான உத்தியாக்களுக்குச் சடங்கு செய்கிறோம். ஐயர் வருவதில்லை. வில்லும் அம்பும் தேனும் வைக்கிறோம். முடிந்ததும் பந்தலை அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுவோம். மிச்சத்தை மழையும் கறையானும் பார்த்துக்கொள்ளும். அடுத்த வருடம் புதுப் பந்தல். சடங்கை நடத்துகிறவர் கப்புகனார்; அந்த நாளில் அது என் அண்ணன், உன் மாமா. ஊர்க் கூட்டத்தையும் அவர்தான் கூட்டுவார். குளத்தில் எப்போது வலை போடலாம், எந்த வயல் வட்டைக்கு முதலில் தண்ணீர் திறப்பது, காட்டில் எந்தப் பக்கத்துத் தேன் எந்த வீட்டுக்கு, அடித்துக்கொண்ட புருசன் பெண்சாதியை என்ன செய்வது, எல்லாம் அங்கேதான் தீரும். நான் அறிய எங்கள் ஊரிலிருந்து ஒரு வழக்கும் கோட்டுக்குப் போனதில்லை, இயக்கத்தின் நீதிமன்றுக்கும் போனதில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு முறை இருக்கிறது. வீட்டுக்கு ஒரு வெற்றிலை என்று எண்ணி வட்டாவில், அந்தக் கால் வைத்த தட்டில், அடுக்கி நடுவில் வைப்பார்கள். ஒரு வீட்டார் தங்கள் மனதில் உள்ளதைச் சொன்ன பிறகுதான் தங்கள் வெற்றிலையை எடுத்து வாயில் போடலாம். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் எடுக்கக் கூடாது. ஒரு வெற்றிலை மிஞ்சியிருந்தாலும் பேச்சு முடியவில்லை என்று கணக்கு. அடுத்த நாள் கூடுவோம், அதற்கடுத்த நாளும் கூடுவோம். ஒருவருக்காக இன்னொருவர் பேசுவதில்லை. யாரையும் அவசரப்படுத்துவதும் இல்லை. உன் அப்பா வெல்லாவெளியிலிருந்து கல்யாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் முதல் கூட்டத்திலேயே மரத்தில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். எழும்பிப் பார்த்தால், நித்திரைக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்தவரே இன்னும் பேசிக்கொண்டிருந்தார். எனக்கோ உலகத்திலேயே வாய் திறக்க முடிந்த கூட்டம் அது ஒன்றுதான். பல்கலைக்கழகத்தில் நான் ஒரு வார்த்தையை யோசித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள். இங்கே எனக்காகக் காத்திருந்தார்கள்.

நீ அப்போது சின்னப் பிள்ளை. ஆரையம்பதிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் நாலைந்து பேரோடு ஆற்றைக் கடந்து வந்தார். நல்ல மனிதர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆற்றுக்கு எங்கள் பக்கமான படுவான்கரைப் பிள்ளைகளுக்குக் கொப்பி, பென்சில் சேர்த்து அனுப்பியவர். எங்களுக்கு ஒரு கோவில் கட்டித்தர வேண்டும் என்பது அவருடைய ஆசை. மண்டபம், கூரை, ஐயர், பரிபாலன சபை, எல்லாம் முறைப்படி. மருதமரத்தின் கீழ் உட்கார்ந்து அழகாகப் பேசினார். “நீங்களும் எங்கட சனம்தான். காட்டுச் சனம் எண்டு ஆரும் உங்களைச் சொல்லக்கூடா. எல்லாரும் ஒண்டாய் நிக்கவேண்டிய காலம் இது” என்றார். வரவேற்புக்கு வைத்த வெற்றிலை என்று நினைத்து, பேசத் தொடங்கும் முன்பே வட்டாவிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். அது பக்கத்து வீட்டுத் தங்கம்மாவின் வெற்றிலை. அவள் முகம் போன போக்கைப் பார்த்து நான் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன்.

பேசி முடித்து, “ஆருக்காவது மறுப்பு இருக்கா?” என்று சுற்றிலும் பார்த்தார். எங்கள் ஆட்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். “இல்லையே? நல்லது, சந்தோசம்” என்று கும்பிட்டுவிட்டு எழும்பிப் போனார். அவர்கள் குளக்கட்டால் இறங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்த மாமா, “நல்ல மனுசன்கா. நல்ல கதை” என்றார்.

“அண்ணன், அவர் நாம ஓம் சொன்ன மாதிரி எடுத்துக்கொண்டு போறார்” என்றேன்.

“ஆரு புள்ள ஓம் எண்டது? வெத்திலை அப்படியே கிடக்கு. நாம இன்னும் பேசத் தொடங்கவே இல்லையே.”

“அவங்கட கூட்டத்தில பேசாம இருந்தா ஓம் எண்டுதான் கணக்கு.”

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். “பேசாம இருந்தா ஓமா? அப்ப அந்தா நிக்கிற எருமையும் ஓம் எண்டுதானே நிக்குது?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். மற்ற நாளே ஆள் அனுப்பி அவரிடம் சொல்வதாகத்தான் இருந்தது. ஆனால் ஆற்றைக் கடக்கும் மிதவைப் பாதை ஓடவில்லை. அங்கால் ஏதோ ஆமிச் சுற்றிவளைப்பு. துறையை மூடிவிட்டார்கள். திறந்ததும் முதல் வந்தது அவர்களுடைய உழவு இயந்திரம்தான், பெட்டி நிறையச் சீமெந்து மூட்டையோடு.

அந்தக் காலத்தில் படுவான்கரைக்குச் சீமெந்து வருவது என்றால் என்ன என்று உன் வயதுக்காரருக்குச் சொல்லி விளங்க வைப்பது கடினம். காவலரணில் பற்றரியையும் சவர்க்காரத்தையும்கூட எண்ணிப் பார்த்து விட்டார்கள். சீமெந்து என்றால் பங்கர் கட்டத்தான் என்று ஒரு மூட்டைகூட விடமாட்டார்கள். அதிபர் எத்தனையோ கந்தோர்ப் படிகள் ஏறி இறங்கி, கோவிலுக்கு என்று கையெழுத்து வாங்கி, ஒவ்வொரு சாவடியிலும் மூட்டைகளை இறக்கிக் காட்டித் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். இறங்கும்போது அவருடைய வேட்டியெல்லாம் சாம்பல் நிறம். சந்தோசமாகச் சிரித்துக்கொண்டு இறங்கினார். மாமா அவருக்குப் பாயைப் போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, “ஐயா, நாங்க இனித்தான் பேசப்போறம்” என்றார். அந்த மனிதரின் முகம் மாறியதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அவரோடு வந்த ஒரு இளைஞன், “சீமெந்து வேணுமா வேணாமா எண்டு யோசிக்கிற சனத்த நான் இப்பதான் காணுறன்” என்று எங்களுக்குக் கேட்கவே சொன்னான்.

ஆனாலும் அதிபர் போகவில்லை. கூட்டம் முடியும்வரை இருந்தார். எங்கள் வீட்டில்தான் தங்கினார். கூட்டத்தில் பாதிப் பேருக்குக் கோவில் வேண்டும் என்றுதான் மனம், மகன். உனக்கு அது தெரியாது. வேண்டாம் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னதாக இப்போது கதை சொல்கிறார்கள். அது பொய். தங்கம்மா எழும்பி, “கோவில் கட்டினா நம்மட பொட்டையளைப் பள்ளிக்கூடத்தில வேடச்சி எண்டு சொல்லமாட்டாங்களா ஐயா?” என்று கேட்டாள். “சொல்லமாட்டாங்க. அதுக்குத்தானம்மா கட்டுறம்” என்றார் அவர். தங்கம்மா அப்படியென்றால் தனக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு மூன்றும் பெண் பிள்ளைகள். அவளில் எனக்குக் கோபம் வரவில்லை. நீயும் அந்த வருடம்தான் முதலாம் வகுப்பிலிருந்து அழுதுகொண்டு வந்தாய், ‘வேடப்பொடியன் பக்கத்தில் இருக்கமாட்டேன்’ என்று ஒருவன் சொன்னான் என்று. சீமெந்தால் அந்தச் சொல் போகுமென்றால் நானே கல் சுமப்பேன் என்று நினைத்தேன்.

ஒவ்வொரு வெற்றிலையாகப் போய், கடைசியில் எங்கள் வீட்டு வெற்றிலை மட்டும் கிடந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், ஆனால் ஒருவரும் கேட்கவில்லை. அதிபர்கூடக் கேட்கவில்லை. அவர் அதற்குள் எங்கள் முறையை விளங்கிக்கொண்டிருந்தார். எனக்கு ஓம் என்றும் சொல்ல வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. ஒரு கேள்விதான் இருந்தது. “கட்டினா, சாவி ஆருட்ட இருக்கும் சேர்?” என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சபையிட்ட” என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

“சபை எங்க கூடும்?”

“எங்கட பக்கம்தான். இஞ்ச கூட ஏலுமா? உங்கட ஊரால ஒருவரைப் போடலாம்.”

மாமா அதுவரை ஒரு சொல்லும் பேசவில்லை. கப்புகனார் தன் கருத்தை முன்னால் சொல்லக் கூடாது. அப்போதுதான் சிரித்தார். “அப்ப நம்மட உத்தியாக்களைப் பாக்கிறதுக்கு நாம ஆறு கடந்து ஆள் அனுப்போணும். துறை மூடின நாளையில அவங்க பட்டினி.”

அதற்குப் பிறகு தங்கம்மா திரும்ப எழும்பினாள். போட்ட வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, தான் இன்னும் பேசி முடிக்கவில்லை என்றாள். கதவே இல்லாத இடத்துக்குப் பூட்டுப் போட வேண்டாம் என்பதுதான் கடைசியில் எல்லாரும் சேர்ந்து வந்த முடிவு. “அந்தச் சீமெந்தால பள்ளிக்கூடக் கிணத்துக்குக் கட்டுக் கட்டித் தாங்க ஐயா” என்று மாமா கேட்டார். கோவிலுக்கென்று கையெழுத்து வாங்கியதை வேறொன்றுக்குப் பாவிக்க முடியாது என்றார் அதிபர். திருப்பிக் கொண்டுபோகவும் முடியவில்லை. உள்ளே கொண்டுவர அனுமதி இருந்தது, வெளியே கொண்டுபோக இல்லை. அந்தக் கிழமையே மாரி தொடங்கியது. படங்கைப் போட்டு மூடினோம், பயனில்லை. மூட்டைகள் மூட்டை வடிவத்திலேயே கல்லாகின. கடதாசி உரிந்துபோனாலும் அதன் மடிப்பு அந்தக் கற்களில் அப்படியே இருந்தது. நீங்கள் எல்லாரும் அதில் ஏறியிருந்துதான் விளையாடினீர்கள். பிறகு ஷெல் விழத் தொடங்கியபோது மாமா அவற்றை உருட்டிப் போய்ப் பங்கர் வாசலில் அடுக்கினார்.

அதிபர் அதன் பிறகு வரவில்லை. கொப்பியும் பென்சிலும் வரவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு ஆசிரியரை எடுத்துத் தருவதாக அவர் சொன்னதும் நடக்கவில்லை. நீங்கள் வெல்லாவெளிக்கு நடந்துதான் படித்தீர்கள். ‘இல்லை’ என்ற அந்தச் சொல்லுக்கு உங்கள் கால்களும் விலை கொடுத்தன. அதை மறைத்து இதை வெற்றிக் கதையாக உனக்குச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எங்கள் காரியத்தை நாங்களே முடிவெடுத்தால் அதன் நட்டமும் எங்களுடையதுதான். கல்யாணம் முடிக்கப்போகிறாய், வீட்டிலும் அப்படித்தான். இருவரும் பேசி எடுத்த முடிவு பிழைத்துப்போனாலும் தாங்கலாம். மற்றவர் வாய் திறக்கவில்லை என்பதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு எதையும் செய்துவிடாதே. மருமகள் பேசாமல் இருக்கும் நாளில் அவளுடைய வெற்றிலை இன்னும் வட்டாவில் இருக்கிறது என்று நினை.

அடுத்த வருடம் இடம்பெயர்ந்தோம். ஆற்றுக்கு அங்கால் தேற்றாத்தீவுப் பாடசாலையில் மேசைகளை ஒதுக்கிவிட்டு இருந்தோம். பல ஊர்ச் சனம். கோவிலைப் பூட்டிவிட்டு வந்தவர்கள் விளக்கு வைக்க ஆளில்லையே என்று அழுதார்கள். சடங்கு மாதம் வந்தபோது மாமா பின்னேரம் ஒன்றில் வாவிக்கரையில் போய் நின்று இடம் பார்த்தார். பார்த்துவிட்டு வந்து, “இலைதானே வேணும்” என்றார். கரையோரக் கண்ணா மரப் பற்றைக்கு அருகில் எங்கள் பந்தல் எழும்பியது. கதவில்லாத சாமி எங்களோடு ஆற்றைக் கடந்து வந்திருந்தது, அவ்வளவுதான். காவலரணிலிருந்து வந்து பார்த்த சிப்பாய்கள்கூட வில்லை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள்.

இனி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். சம்பந்தம் பேசப் போன அன்று, நீ வெளியே மச்சான்மாரோடு நின்றாய். உன் மாமியாராக வரப்போகிறவர் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, “நீங்க அந்த இலைப்பந்தல் சனம்தானே?” என்று கேட்டார். ஓம் என்றேன். “எங்கட வளவுத் தென்னோலைதான் உங்களுக்கு வெட்டிக் குடுத்தது. உங்கட அண்ணன் மறுகா ஒரு போத்தல் தேன் கொண்டு வந்து தந்தவர். அவர் சுகமா?” என்றார். மாமா இப்போது உயிரோடு இல்லை என்று சொன்னேன். அடுப்பைத் தணித்துவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஆகவே மகன், நீ தேற்றாத்தீவில் மறைக்க நினைப்பதை அந்த வீடு உனக்கு முன்பே அறியும். அறிந்துதான் பெண் தருகிறார்கள்.

சண்டை கொஞ்சம் ஓய்ந்து நாங்கள் ஊர் திரும்பியிருந்த காலத்தில் கொழும்பிலிருந்து ஒரு உத்தியோகத்தர் கமராவோடு வந்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். நீதான் அவருக்கு வழி காட்டிக் கூட்டி வந்தாய். ஆண்கள் சேட்டைக் கழற்றிவிட்டுத் தோளில் கோடரி வைத்து நிற்க வேண்டும், உண்மையான வேடர் அப்படித்தான், பேரும் சிங்களத்தில் இருந்தால் பதிவது சுலபம் என்றார். மாமா சேட்டின் மேல் பொத்தானையும் பூட்டிக்கொண்டு நின்று படம் எடுக்கச் சொன்னார். போகும் வழியில் உன்னிடம், “வேடன் எண்டா சேட்டுக் கழட்டோணுமாம், தமிழன் எண்டா கோவில் கட்டோணுமாம். நாம இருக்கிற மாதிரி இருந்தா ஆருக்கும் கண்ணுக்குத் தெரியுதில்ல மருமகன்” என்றார். நீதான் அதை வந்து எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னாய்.

அந்தக் கோடையில் தேனுக்குப் போன மாமாவைக் கண்ணிவெடியில் இழந்தோம். யார் வைத்தது என்று இரண்டு பக்கமும் மற்றப் பக்கத்தைச் சொன்னார்கள். நாங்கள் கேட்பதை விட்டுவிட்டோம். எங்கள் முறைப்படி மாமனின் இடம் சகோதரியின் மூத்த மகனுக்கு. நீ அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். வளரட்டும் என்றார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் வட்டாவில் உனக்காக ஒரு வெற்றிலை கூடுதலாக வைக்கிறோம். அது மிஞ்சும், வாடும். அது மிஞ்சியிருப்பதால் எந்தப் பேச்சும் முழுதாக முடிவதில்லை. எல்லா முடிவும் ‘இப்போதைக்கு’ என்றே இருக்கிறது. சடங்கையும் தங்கம்மாவின் புருசன் இப்போதைக்கு என்றுதான் நடத்துகிறார்.

இன்னொருமுறையும் இடம்பெயர்ந்து, இப்போது மீளக்குடியமர்ந்து வந்திருக்கிறோம். மருதமரம் நிற்கிறது, ஒரு பக்கம் கருகிவிட்டது. கோவில் கட்டித்தர இப்போது வேறு ஒரு சபை வந்து கேட்கிறது. அடையாளம் பதிய இன்னொரு கந்தோர் கேட்கிறது. சீமெந்துக்கு இப்போது தடை இல்லை. “உங்கட தலைவர் ஆரு?” என்று எல்லாரும் கேட்கிறார்கள். இவர்களுக்கு ஓம் சொல்வதென்றாலும் இல்லை சொல்வதென்றாலும், ‘இப்போதைக்கு’ என்று சொன்னால் எடுபடாது. நாங்கள் முடிக்காத பேச்சை வேறு யாரோ எங்களுக்காக முடித்துவிடுவார்கள். உனக்கு அடுத்த முறைக்காரன் உன் சின்னம்மாவின் மகன். அவனுக்கு விருப்பம் இருக்கிறது. ஆனால் உன் வெற்றிலை கிடக்கும்வரை அவன் கை நீட்ட முடியாது.

நீ வேண்டாம் என்று சொல்வதில் எனக்கு வருத்தம் இருக்கிறது, கோபம் இல்லை. கல்யாணம் முடித்தால் நீ அந்த வீட்டுப் பிள்ளை, உன் பிள்ளைகள் தாய்வழியில் அவர்களுடைய குடி. கந்தோர் வேலை, இரண்டு கரைக்கும் இடையில் இத்தனை சாவடி. உன் நிலைமை எனக்கு விளங்குகிறது. ஓம் சொல்லு என்று நான் உன்னைக் கேட்கவில்லை.

ஆனால் உனக்காக நான் சொல்ல முடியாது, மகன். அந்த மரத்தின் கீழ் இருபது வருடத்துக்கு மேலாக எனக்காக ஒருவரும் பேசியதில்லை. அதனால்தான் எனக்கு ஒரு வாய் இருந்தது. நான் உன் பேரில் பேசினால், பேசாமல் இருந்த சனத்தின் பேரில் சந்தோசமாகக் கும்பிட்டுவிட்டுப் போன அந்த அதிபரைப்போல ஆகிவிடுவேன்.

கல்யாணத்துக்கு முதல் வாற வெள்ளிக்கிழமை கூட்டம் வைத்திருக்கிறோம். பின்னேரம், வெயில் தாழ்ந்ததும். காலையிலேயே பாதையில் ஏறினால் வந்துவிடலாம். உனக்கென்று ஒரு பச்சை வெற்றிலை வைத்திருப்போம். வந்து நிலத்தில் உட்கார்ந்து, எத்தனை நேரம் எடுத்தாலும் சரி, உன் வாயால் சொல்லு. வேண்டாம் என்றே சொல்லு. சொல்லிவிட்டு அந்த வெற்றிலையை எடுத்துப் போட்டுக்கொண்டு போ.

அம்மா